முதலீட்டில் எவ்வளவு ரொக்கமாக வைப்பது: ரூபாயில் தொடங்கி சதவீதத்தில் முடிக்கும் கணக்கு

போர்ட்ஃபோலியோவில், அதாவது மொத்த முதலீட்டுத் தொகுப்பில், எத்தனை சதவீதம் ரொக்கம் வைக்கலாம் என்று கேட்டால், பத்து, இருபது என்று யாராவது ஒரு எண் சொல்லிவிடுவார்கள். புதிதாக முதலீடு செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதால்தான். எவ்வளவு ரொக்கம் தேவை என்பதை உங்கள் வீட்டுச் செலவும் வருமானமும்தான் தீர்மானிக்கின்றன. முதலில் ரூபாய், கடைசியில் சதவீதம். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள். ஒவ்வொன்றும் முந்தையதன் விடையை எடுத்துக்கொண்டு நகர்கிறது.

இந்தியாவில் வசித்து, இங்கேயே சம்பாதித்து, மியூச்சுவல் ஃபண்டும் எஃப்டியும் வைத்திருக்கும் குடும்பத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எல்லா வங்கிக் கணக்குகளுக்கும் கடந்த 12 மாத அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத அறிக்கை போதாது. பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், சொத்து வரி, தீபாவளிச் செலவு எல்லாம் அதில் சிக்காமல் போய்விடும்.

அப்புறம், எஃப்டிகளின் பட்டியல், முதிர்வுத் தேதியோடு. மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை. மருத்துவக் காப்பீட்டு பாலிசி. அதில் காப்பீட்டுத் தொகையை மட்டும் பார்க்காமல் அறை வாடகை உச்சவரம்பு, நோயாளியே தர வேண்டிய பங்கு இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் தேவைப்படும்.

கிரெடிட் கார்டில் பாக்கி ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி போகும் பாக்கியை வைத்துக்கொண்டு வருடத்துக்கு ஏழு சதவீதம்கூடத் தராத எஃப்டியில் பணம் சேர்ப்பது நேரடி நஷ்டம். ஒரு மாதச் செலவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மீதியைக் கொண்டு பாக்கியை அடைத்துவிட்டு வாருங்கள்.

1. எது ரொக்கம், எது இல்லை என்று பிரியுங்கள்

சோதனை எளிது. மூன்று வேலை நாளுக்குள், போட்ட தொகை குறையாமல், யாருடைய தயவும் இல்லாமல் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். மூன்றில் ஒன்று இடித்தாலும் அது ரொக்கம் இல்லை.

சேமிப்புக் கணக்கு, முன்கூட்டி முறிக்கக்கூடிய வங்கி எஃப்டி, மிகக் குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்ட், ஓவர்நைட் ஃபண்ட் ஆகியவை தேறும். எஃப்டியை முறித்தால் பல வங்கிகளில் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் குறையும். அசல் அப்படியே வரும் என்பதால் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

நம் வீடுகளில் ரொக்கம் என்று தவறாக எண்ணப்படுபவை நிறைய. சீட்டுப் பணம் முதலாவது. உங்களுக்குத் தேவைப்படும் மாதத்தில் தேவை இன்னொருவருக்கும் இருந்தால் ஏலத்தில் அதிகம் தள்ளுபடி கொடுத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். எடுத்த பிறகும் மீதித் தவணைகளைக் கட்டியாக வேண்டும். ஆகவே ஏற்கெனவே எடுத்துவிட்ட சீட்டு உங்களுக்கு ஒரு கடன். அதன் தவணை இரண்டாம் படியில் செலவாக வரும்.

உறவினருக்குக் கொடுத்த கைமாற்று, பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி), மூன்று வருடப் பூட்டு உள்ள இஎல்எஸ்எஸ் (வரிச் சலுகை தரும் பங்கு ஃபண்ட்), கிரெடிட் கார்டு வரம்பு எதுவும் தேறாது. நகை பற்றித்தான் அதிகம் வாதம் வரும். அடகு வைத்தால் அன்றைக்கே பணம் கிடைக்கும், உண்மை. ஆனால் அது வட்டி ஓடும் கடன். ரொக்கம் தீர்ந்துபோனால் அடுத்து கைவைக்கும் இடமாக நகையை வைத்திருங்கள். கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. மாதக் கட்டாயச் செலவைக் கண்டுபிடியுங்கள்

சம்பளம் நின்றுபோனாலும் நிறுத்த முடியாத செலவு எவ்வளவு? அதுதான் வேண்டும். எஸ்ஐபி (மாதாமாதம் ஃபண்டில் போடும் தவணை முதலீடு) இதில் வராது. அதை நிறுத்தி வைக்கலாம். ஓட்டல், சுற்றுலா வராது. வாடகை அல்லது வீட்டுக்கடன் தவணை, மளிகை, மின்கட்டணம், பெற்றோரின் மருந்து, எடுத்த சீட்டின் தவணை ஆகியவை வரும்.

இங்கே அநேகமாக எல்லோரும் விடுவது வருடச் செலவுகளை. பள்ளிக் கட்டணத்தையும் பிரீமியத்தையும் 12ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வேலை போகிற வருடத்திலும் ஜூன் மாதம் வரத்தான் செய்யும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வருவது மாதம் 85,000 ரூபாய். வீட்டுச் செலவு 32,000, வீட்டுக்கடன் தவணை 18,000, பெற்றோர் மருந்து 4,000. மொத்தம் 54,000. இதோடு வருடத்துக்குப் பள்ளிக் கட்டணம் 90,000, பிரீமியம் 40,000. மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 11,000. ஆக கட்டாயச் செலவு 65,000. இந்தக் குடும்பத்தையே கடைசி வரை பின்தொடர்வோம்.

3. எத்தனை மாதத்துக்கு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

"ஆறு மாதம்" என்பது எல்லோருக்கும் பொருந்தும் அளவு இல்லை. வருமானம் நின்றால் மறுபடி வர எவ்வளவு காலம் ஆகும் என்பதே கேள்வி. கணவன் மனைவி இருவருக்கும் நிலையான வேலை, அதிலும் ஒருவருக்கு அரசு வேலை என்றால் மூன்று மாதம் போதும். தனியார் வேலையில் ஒரே சம்பளம் என்றால் ஆறு. நாற்பத்தைந்தைத் தாண்டிய, ஒரே துறையில் ஊறிய ஆளுக்கு அடுத்த வேலை சீக்கிரம் அமைவதில்லை. அவர் ஒன்பது வைக்கட்டும். கமிஷன், ஒப்பந்த வேலை, சொந்தத் தொழில் என்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு.

சொந்தத் தொழில் செய்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடைக் கணக்கில் கிடக்கும் பணத்தில் ஜிஎஸ்டியும், ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் மாதங்களின் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டிய முன்கூட்டிய வருமான வரியும் கலந்திருக்கும். அது உங்கள் பணமே இல்லை. அதைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு மீதியை எண்ணுங்கள்.

மாதச் செலவுக்கு மேல் மருத்துவமனைக்கென்று ஒரு தொகை தனியாக வையுங்கள். காப்பீடு இருந்தாலும் சேரும்போது முன்பணம் கேட்கும் மருத்துவமனைகள் உண்டு. பாலிசி வலைப்பின்னலில் இல்லாத மருத்துவமனை என்றால் முழுத் தொகையும் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும். அறை வாடகை உச்சவரம்பைத் தாண்டினால் பல பாலிசிகளில் மற்றக் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும்.

நம் குடும்பத்துக்கு: 65,000 × 6 = 3,90,000. மருத்துவத்துக்கு 1,00,000. இந்த அவசரப் பணம்தான் ரொக்கத்தின் முதல் அடுக்கு: 4,90,000 ரூபாய்.

4. தேதி போட்ட செலவுகளை எழுதுங்கள்

அடுத்த மூன்று வருடத்தில் நிச்சயமாக வரப்போகும் பெரிய செலவுகள் இரண்டாம் அடுக்கு. ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: செலவு, மாதமும் வருடமும், தொகை. தேதி எழுத முடியாத ஆசைகள் இந்தத் தாளுக்கு வேண்டாம்.

மூன்று வருடம் ஏன்? 2008 ஜனவரியில் 20,873 புள்ளியில் முடிந்த சென்செக்ஸ், 2009 மார்ச்சில் 8,160க்கு இறங்கியது. பழைய உயரத்தை மறுபடி தொட்டது 2010 நவம்பரில். கிட்டத்தட்ட மூன்று வருடம். 2009 கோடையில் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த ஒருவர் அந்தப் பணத்தைப் பங்குகளில் வைத்திருந்தால், மீட்சிக்குக் காத்திருக்க வழியே இல்லாமல் விற்றிருப்பார். தள்ளிப்போடவே முடியாத செலவு என்றால், உதாரணமாகக் கல்லூரிச் சேர்க்கை, நான்காம் ஐந்தாம் வருடச் செலவையும் ஓரளவு இந்த அடுக்குக்குள் கொண்டுவருவேன். கார் மாற்றுவது போன்றவற்றுக்கு இரண்டு வருடமே போதும். சந்தை சரியில்லை என்றால் பழைய காரையே இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம்.

எழுதி முடித்ததும், சம்பளத்திலிருந்தே கட்டிவிடக்கூடியதை அடித்துவிடுங்கள். நம் குடும்பத்தின் தாளில் நான்கு வரிகள்: பள்ளிக் கட்டணம் 90,000, பிரீமியம் 40,000, எட்டு மாதத்தில் அக்கா மகள் கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் 1,00,000, அடுத்த வருடம் மாடி மராமத்து 2,00,000. சம்பளத்தில் வருடச் செலவுகள் சேராத கட்டாயச் செலவு 54,000, எஸ்ஐபி 20,000 போக மாதம் 11,000 மிஞ்சுகிறது. வருடத்துக்கு 1,32,000. முதல் இரண்டு வரிகளும் அதிலேயே அடங்கிவிடும். ஆக இரண்டாம் அடுக்கு 3,00,000 மட்டும்.

பள்ளிக் கட்டணம் முதல் அடுக்கிலும் வந்ததே, இரண்டு முறை எண்ணுகிறோமா என்று கேட்கலாம். இல்லை. முதல் அடுக்கு சம்பளம் நின்றால் பயன்படுவது; இந்தக் கழிப்பு சம்பளம் வரும்போது நடப்பது.

5. கூட்டுங்கள், பிறகு சதவீதம் பாருங்கள்

4,90,000 + 3,00,000 = 7,90,000 ரூபாய். இது இந்தக் குடும்பத்தின் ரொக்கத் தேவை.

இப்போது சதவீதம். வகுக்கும் தொகையில் குடியிருக்கும் வீடு, இபிஎஃப் (சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி), நகை மூன்றையும் சேர்க்க வேண்டாம்; நினைத்தபோது எடுத்து மாற்றி முதலீடு செய்யக்கூடியது மட்டும். இவர்களிடம் ஈக்விட்டி ஃபண்டில், அதாவது பங்குகளில் போடும் ஃபண்டில், 16,00,000, எஃப்டியில் 5,00,000, சேமிப்புக் கணக்கில் 2,40,000. மொத்தம் 23,40,000. தேவை 7,90,000 என்பது ஏறக்குறைய 34 சதவீதம். கையில் இருப்பது 7,40,000. இன்னும் 50,000 சேர்த்தால் போதும்.

பத்து சதவீத விதியைப் பிடித்திருந்தால் 2,34,000 வைத்திருப்பார்கள். நான்கு மாதம்கூடத் தாங்காது. வேலை போன நான்காம் மாதத்தில் ஃபண்டை விற்க வேண்டிய நிலை.

சதவீதத்தை இலக்காக வைத்தால் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள். இவர்கள் 7,90,000 ரொக்கமும் 15,50,000 ஈக்விட்டியும் என்று சரிசெய்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சந்தை 38 சதவீதம் விழுகிறது. ஈக்விட்டி 9,61,000 ஆகிவிடும். ரொக்கம் ஒரு ரூபாய்கூடக் கூடாமலே 45 சதவீதமாகத் தெரியும். உடனே "ரொக்கம் அதிகமாகிவிட்டது, எடுத்துப் பங்கில் போடு" என்று சதவீத விதி சொல்லும். ஆட்குறைப்பு நடப்பதும் பெரும்பாலும் அதே காலத்தில்தான். முதல் இரண்டு அடுக்குகளும் ரூபாயில் நிலைத்திருக்க வேண்டும். ஈக்விட்டிக்கும் கடன் பத்திர முதலீட்டுக்கும் இடையே மறுசமன் செய்வதாக (விகிதத்தைப் பழையபடி சரிசெய்வதாக) இருந்தால், இந்த 7,90,000ஐ ஒதுக்கிவிட்டு மீதியில் செய்யுங்கள்.

6. சந்தை விழும்போது வாங்க தனி ரொக்கம் வேண்டுமா?

பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

நிஃப்டி 2020 ஜனவரியில் 12,362இல் முடிந்தது. மார்ச் 23 அன்று 7,610. நவம்பரில் மறுபடி புதிய உச்சம். பத்து மாதத்துக்குள் விழுந்து எழுந்துவிட்டது. அந்த மார்ச் கடைசி வாரத்தில் ஊரடங்கு, நோய், வேலை பயம் எல்லாம் ஒன்றாக இருந்தன. சரிவுக்காகவே பணம் சேர்த்து வைத்திருந்தவர்களில் பலர் "இன்னும் விழும்" என்று காத்திருந்து வாங்காமலே விட்டார்கள். சரிவு வரும் வரை அந்தப் பணம் வளராமல் கிடப்பது தனி இழப்பு.

அப்படியும் வைத்துக்கொள்ள விரும்பினால், அது மூன்றாவது அடுக்கு. தொகுப்பில் ஐந்து சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். விதியை இப்போதே எழுதி வையுங்கள்: குறியீடு உச்சத்திலிருந்து 15 சதவீதம் இறங்கினால் பாதி, 25 சதவீதம் இறங்கினால் மீதி, எந்த ஃபண்டில் என்பது உட்பட. எழுதாத திட்டம் அந்த நாளில் கைகொடுக்காது. முதல் இரண்டு அடுக்கிலிருந்து இதற்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது.

7. எங்கே வைப்பது

எல்லாவற்றையும் சேமிப்புக் கணக்கில் போட்டுவைக்காதீர்கள். 2025 நடுவில் பெரிய வங்கிகள் பல சேமிப்பு வட்டியை 2.5 சதவீதத்துக்குக் குறைத்தன. ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கே நான்கு சதவீதம். எஃப்டிக்கு 6.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரியும் செஸ்ஸும் போக 4.5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக நிற்கும். ரொக்கத்திடம் இதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அது வளர்வதற்கு இல்லை, வேண்டிய நாளில் இருப்பதற்கு.

முதல் அடுக்கில் ஒரு மாதச் செலவும் மருத்துவத் தொகையும் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மீதியை இரண்டு மூன்று எஃப்டிகளாகப் பிரித்துப் போடுங்கள். நான்கு லட்சத்தை ஒரே எஃப்டியாகப் போட்டால் 60,000 தேவைப்படும்போது முழுவதையும் முறிக்க நேரிடலாம். தேவையான அளவு மட்டும் தானாக முறித்துக்கொள்ளும் ஸ்வீப் வசதி உங்கள் வங்கியில் இருந்தால் இன்னும் நல்லது.

இரண்டாம் அடுக்குக்கு, செலவுத் தேதிக்கு ஒரு மாதம் முன்பு முதிரும்படி எஃப்டி போடுவது போதும். லிக்விட் ஃபண்டும் சரிதான். 91 நாளுக்குள் முதிரும் கடன் பத்திரங்களில் மட்டும் முதலீடு செய்யும். விற்றால் வழக்கமாக அடுத்த வேலை நாளில் பணம் வரும். ஏழு நாளுக்குள் எடுத்தால் மட்டும் சிறு வெளியேற்றக் கட்டணம். 2023 ஏப்ரல் 1க்குப் பிறகு வாங்கியதில் வரும் லாபம், எத்தனை வருடம் வைத்திருந்தாலும், உங்கள் வருமான வரம்புப்படியே வரிக்கு உட்படும். எஃப்டி வட்டிக்கு வருடா வருடம் வரி, இதற்கு விற்கும்போது மட்டும் என்பதுதான் வித்தியாசம்.

பாதுகாப்பில் மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, வங்கி வைப்புக் காப்பீடு 2020 பிப்ரவரி முதல் ஒருவருக்கு ஒரு வங்கியில் ஐந்து லட்சம், அதுவும் அசலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் வேறு வேறு கிளைகளில் போட்டாலும் கணக்கு ஒன்றுதான். அதனால் ஐந்து லட்சத்துக்கு நெருங்கும்போதே அடுத்த வங்கிக்குப் போங்கள். காப்பீடு இருந்தாலும் பணம் உடனே வராது என்பதற்கு 2019 செப்டம்பர் உதாரணம்: பிஎம்சி கூட்டுறவு வங்கிக்குக் கட்டுப்பாடு வந்தபோது வாடிக்கையாளர்கள் முதலில் எடுக்க முடிந்தது 1,000 ரூபாய். ஆகவே இரண்டு வங்கிகளாவது வேண்டும்.

இரண்டு, வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள், உறுப்பினர்களிடம் மட்டும் வைப்பு வாங்கும் 'நிதி' கம்பெனிகள், கூட்டுறவு நாணயச் சங்கங்கள் ஆகியவற்றின் வைப்புகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. ஒரு சதவீத வட்டி கூடுதலுக்காக முதல் அடுக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

மூன்று, லிக்விட் ஃபண்டை விட்டு "இன்னும் கொஞ்சம் கூடுதல் வருமானம்" தரும் கடன் ஃபண்டுகளுக்குத் தாவாதீர்கள். 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் என்ற ஃபண்ட் நிறுவனம் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. அவற்றில் ஒன்று அல்ட்ரா ஷார்ட் பாண்ட் ஃபண்ட். ரொக்கத்துக்குச் சமம் என்று நினைத்துப் பலர் வைத்திருந்தது. பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பியது. ஆனால் ஊரடங்கு மாதங்களில் தேவைப்பட்டவருக்கு அது உதவவில்லை.

8. ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

இந்தப் படியை யாரும் செய்வதில்லை. லிக்விட் ஃபண்டிலிருந்து 5,000 ரூபாய் எடுத்து, எந்தக் கணக்குக்கு, எப்போது வருகிறது என்று பாருங்கள். பழைய வேலையின் சம்பளக் கணக்கோடு ஃபண்ட் இணைக்கப்பட்டிருந்து, அந்தக் கணக்கு செயலற்றுப் போயிருந்தால், அவசரத்தில்தான் அது தெரியவரும். சிறிய எஃப்டி ஒன்றைச் செயலி வழியாக முறிக்க முடிகிறதா, கிளைக்குப் போக வேண்டுமா என்றும் பாருங்கள்.

யுபிஐயில் பொதுவான நாள் வரம்பு ஒரு லட்சம். மருத்துவமனைகளுக்கு ஐந்து லட்சம் வரை அனுமதி உண்டு. ஆனால் உங்கள் வங்கியோ செயலியோ குறைவாக வைத்திருக்கலாம். டெபிட் கார்டு வரம்பையும் சேர்த்துச் சரிபாருங்கள்.

மருத்துவமனையில் படுத்திருப்பது நீங்களாகவே இருக்கலாம். ஆகவே முதல் அடுக்குக் கணக்கு, கணவன் மனைவி இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கக்கூடிய கூட்டுக் கணக்காக இருக்கட்டும். எந்த வங்கியில் எவ்வளவு என்ற தாள் வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்த இடத்தில் இருக்க வேண்டும்.

9. குறைந்தால் எப்படி நிரப்புவது, அதிகமானால் எப்படி நகர்த்துவது

ரொக்கம் குறைவாக இருந்தால் முதல் அடுக்கை முதலில் நிரப்புங்கள். எஸ்ஐபியில் பாதியைச் சில மாதங்களுக்கு இங்கே திருப்பினாலே போதும். நம் குடும்பத்துக்கு மாதம் 10,000 வீதம் ஐந்தே மாதம். செலவுத் தேதி ஒரு வருடத்துக்குள் இருந்து, தொகையும் பெரிதாக இருந்தால் மட்டும் ஈக்விட்டியிலிருந்து விற்கலாம். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த ஈக்விட்டி ஃபண்டில், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரையிலான லாபத்துக்கு வரி இல்லை.

அவசரத்துக்கு எடுத்துவிட்டால் பன்னிரண்டு மாதத்துக்குள் நிரப்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்திலிருந்தும் போனஸிலிருந்தும். சந்தை விழுந்து கிடக்கும்போது ஃபண்டை விற்று நிரப்பினால், ரொக்கம் வைத்திருந்ததன் பலனே போய்விடும்.

தேவைக்கு மேல் ரொக்கம் இருப்பவர்கள், நிலம் விற்ற பணம் வந்தவர்கள், வேறு விதமாகத் தடுமாறுவார்கள்: "சந்தை இறங்கட்டும்" என்று வருடக்கணக்கில் வைத்திருப்பது. உபரியை லிக்விட் ஃபண்டில் போட்டு, ஆறு முதல் பன்னிரண்டு மாதத்தில் எஸ்டிபி (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தவணையாக மாற்றும் வசதி) வழியாக மாதம் ஒரு தேதியில் ஈக்விட்டிக்கு மாற்றுங்கள். தேதியை முடிவு செய்துவிட்டால் சந்தையைப் பார்த்து முடிவெடுக்கும் சுமை குறையும்.

10. ஓய்வு பெற்றவர்களுக்குக் கணக்கு மாறும்

அவர்களுக்கு வேலை போகும் பயம் இல்லை; சம்பளமே இல்லை. ஆகவே மாதச் செலவிலிருந்து ஓய்வூதியத்தையும் நிலையான வட்டி வருமானத்தையும் கழித்து, துண்டு விழுவது எவ்வளவு என்று பாருங்கள். செலவு 50,000, ஓய்வூதியம் 15,000. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சத்தை 8.2 சதவீதத்தில் போட்டிருந்தால் காலாண்டுக்கு 30,750, அதாவது மாதம் 10,250. துண்டு விழுவது 24,750. மூன்று வருடத்துக்கு 8,91,000. மருத்துவத்துக்கு இவர்கள் ஒரு லட்சத்தோடு நிறுத்தக் கூடாது. மூன்று லட்சமாவது வேண்டும். ஆக சுமார் 12 லட்சம்.

அந்தத் திட்டத்தின் வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். இடைப்பட்ட மாதங்களுக்கான பணம் சேமிப்புக் கணக்கில் இல்லாவிட்டால் கையைக் கடிக்கும். மூன்று வருட இருப்பில் ஒரு வருடத்தது தீர்ந்ததும், சந்தை நன்றாக இருந்தால் ஈக்விட்டியிலிருந்து ஒரு வருடத்துக்கானதை எடுத்து நிரப்புங்கள். விழுந்திருந்தால் அந்த வருடம் நிரப்பாமல் விடுங்கள். இன்னும் இரண்டு வருடம் கையில் இருக்கிறது.

மறு கணக்கு வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரலில். சம்பள உயர்வும் புதிய பள்ளிக் கட்டணமும் தெரிந்துவிடும் மாதம் அது. இடையில் வேலை மாறினால், புதுக் கடன் எடுத்தால், குழந்தை பிறந்தால், ஊரிலிருந்து பெற்றோர் உங்களோடு வந்துவிட்டால் ஏப்ரல் வரை காத்திருக்காமல் இரண்டாம் படியிலிருந்து மறுபடி போடுங்கள்.